பட்டியலை எதைக் கொண்டு குறைப்பது, எப்படி வரிசைப்படுத்துவது? பொறியியல் கலந்தாய்வுக்கு முன் ஒரு தந்தைக்குப் பதில்

வாசகரின் கேள்வி:

ஐயா, தென்காசி மாவட்டத்தில் சிறிய இரும்புக் கடை வைத்திருக்கிறேன். என் மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, பிளஸ் டூ தேர்வில் கணிதத்தில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 85 மதிப்பெண் பெற்றிருக்கிறாள். நாங்கள் பி.சி. பிரிவு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போகும் முதல் பிள்ளை அவள்தான். பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்துவிட்டோம். உறவினர்களும் வாடிக்கையாளர்களும் சொன்ன கல்லூரிகளை ஒரு நோட்டில் எழுதி வந்ததில் 61 கல்லூரிகள், பாடப்பிரிவோடு சேர்த்து 163 வரிகள் ஆகிவிட்டன. இதை எப்படிக் குறைப்பது? கிடைக்காத பெரிய கல்லூரிகளை மேலே எழுதினால் கிடைக்கக்கூடியதும் கைநழுவிவிடும் என்கிறார் என் மைத்துனர். அவளுக்கு எலெக்ட்ரானிக்ஸ் மேல் ஆசை. பள்ளிக் கண்காட்சியில் தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்தும் கருவி ஒன்றைத் தானே செய்து வைத்தாள். மற்றவர்கள் எல்லோரும் கம்ப்யூட்டர் என்கிறார்கள். இதற்கிடையில் சென்னையில் ஒரு கல்லூரியில் மேனேஜ்மென்ட் இடம் வாங்கித் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார். என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள ஐயா,

தங்கள் மைத்துனரின் அச்சத்திலிருந்து தொடங்குகிறேன். அது நீங்காதவரை பட்டியலைக் குறைக்கும் வேலையும் சரிவர நடக்காது, வரிசைப்படுத்தும் வேலையும் நடக்காது. பொறியியல் கல்லூரியில் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவன் என்ற முறையிலும், ஒவ்வொரு கோடையிலும் மாணவர்களின் பட்டியல்களோடு உட்காருபவன் என்ற முறையிலும் சொல்கிறேன்: பிள்ளைகளுக்கு மிகுந்த இழப்பைத் தரும் தவறான நம்பிக்கை இதுதான்.

2018-இல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறும் முன், மாணவர்கள் பெற்றோருடன் சென்னைக்கு வந்து, அண்ணா பல்கலைக்கழகத்தில் தங்கள் முறை வரும்வரை காத்திருந்து, எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மீதமிருக்கிறது என்பதைத் திரையில் கண்ணால் பார்த்து, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். இப்போது தங்கள் மகள் அந்த அறைக்குள் போவதில்லை. அவளுக்குப் பதிலாக அவள் எழுதிய பட்டியல் போகிறது. தரவரிசைப்படி கணினி ஒவ்வொரு மாணவராக எடுத்துக்கொள்ளும். அவளுக்கு முன் உள்ளவர்கள் எல்லோரும் தங்கள் இடங்களை எடுத்த பிறகே அவள் முறை வரும். அந்த நேரத்தில் எந்தெந்த இடம் மீதமிருக்கும் என்பதை அவளுக்கு முன் சென்றவர்களின் தேர்வுதான் முடிவு செய்திருக்கும். அவள் பட்டியலை எந்த வரிசையில் எழுதியிருக்கிறாள் என்பதற்கு அதில் பங்கே இல்லை. கணினி அவள் பட்டியலின் முதல் வரியைப் பார்க்கும். அந்தக் கல்லூரியில் அந்தப் பாடப்பிரிவில் பொதுப் பிரிவு இடமோ பி.சி. இடமோ இருந்தால் அதைக் கொடுத்துவிடும். இல்லையென்றால் இரண்டாவது வரிக்கு வரும். அப்படியே கீழே இறங்கிக்கொண்டு போகும்.

ஆகவே, கோவிலில் வரிசையில் நிற்பவர் தம் முறை வந்ததும் முதலில் எதைக் கேட்டாலும் அவருக்குப் பின்னால் நிற்பவர் முந்திக்கொள்ள முடியாததுபோல, தங்கள் மகள் முதல் 12 வரிகளில் கிடைக்காத கல்லூரிகளை எழுதியிருந்தாலும், 13-வது வரியில் எழுதிய இடத்தை அவளைவிடத் தரவரிசையில் பின்தங்கிய எவரும், அதைத் தம் முதல் வரியாகவே எழுதியிருந்தாலும், எடுத்துக்கொள்ள முடியாது. மேலே எழுதியதால் கீழே இருப்பது போவதில்லை. இழப்பு நேர்வது அதற்கு நேர்மாறான இடத்தில்தான். கிடைத்துவிடும் என்ற நிம்மதிக்காக ஒரு சாதாரணக் கல்லூரியை முதல் வரியில் எழுதினால், கணினி அதை உடனே கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். இரண்டாவது வரியில் இருந்த நல்ல கல்லூரியில் இடம் காலியாக இருந்ததா என்று அது பார்க்கவே பார்க்காது. இப்படி எழுதிவிட்டுப் பிறகு, தங்களைவிடக் குறைந்த மதிப்பெண் எடுத்த வகுப்புத் தோழிக்குத் தாங்கள் விரும்பிய கல்லூரி கிடைத்ததைக் கண்டு கலங்கிய பிள்ளைகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அந்தக் கலக்கத்துக்குப் பரிகாரம் எதுவும் இல்லை என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எனவே வரிசையை முடிவு செய்ய வேண்டியது விருப்பம் ஒன்றே. கிடைக்குமா கிடைக்காதா என்ற கணக்கு வரிசைக்குள் வரவே கூடாது. அந்தக் கணக்குக்கு வேறொரு வேலை இருக்கிறது: பட்டியல் எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும், எந்த ஆழம் வரை இறங்க வேண்டும் என்பதை அதுதான் சொல்லும். இவ்விரண்டையும் பிரித்துக்கொண்டால் தங்கள் நோட்டில் உள்ள சிக்கலில் பாதி அவிழ்ந்துவிடும்.

இனி குறைப்பது பற்றி. 163 என்பது கலந்தாய்வைப் பொறுத்தவரை தவறான எண் அல்ல. எத்தனை வரி வேண்டுமானாலும் எழுதலாம். வரிக்கு வரி கட்டணம் இல்லை. தனியார் பல்கலைக்கழகங்களுக்குத் தனித்தனியாக விண்ணப்பிக்கும்போதுதான் ஒவ்வொன்றுக்கும் பணம் கட்ட வேண்டியிருப்பதால் ஆறேழோடு நிறுத்தும் கட்டாயம் வருகிறது. அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவரத் தேவையில்லை. அப்படியானால் ஏன் குறைக்க வேண்டும்? தாங்கள் அறியாத கல்லூரி ஒன்று பட்டியலில் இருந்தால், அது கிடைத்துவிடக்கூடும் என்பதே காரணம். 61 கல்லூரிகளைப் பற்றி உண்மையாக விசாரித்து அறிந்துகொள்ள ஒரு குடும்பத்தால் முடியாது. 20 அல்லது 25 கல்லூரிகளைப் பற்றி முடியும். ஆகவே கல்லூரிகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். தெரிந்துகொண்ட கல்லூரிகளில் அவள் படிக்க விரும்பும் இரண்டு மூன்று பாடப்பிரிவுகளையும் எழுதுங்கள். ஐம்பது அறுபது வரிகள் வந்தால் அது நல்ல பட்டியல்.

முதலில் பேனாவை எடுத்து, இடம் கிடைத்தாலும் அனுப்ப மாட்டோம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கல்லூரிகளை அடித்துவிடுங்கள். தூரம், விடுதிச் செலவு, எதுவாக இருந்தாலும் காரணத்தை வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது. பெண் பிள்ளை என்பதற்காக மட்டும் கோயம்புத்தூரையும் காரைக்குடியையும் அடித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கோயம்புத்தூர் அரசுத் தொழில்நுட்பக் கல்லூரியும், காரைக்குடி அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியும் குறைந்த கட்டணத்தில் நீண்ட மரபோடு நடப்பவை. அங்கே ஒரு விடுதி அறையில் நான்காண்டுகள் இருப்பதற்கும், தினமும் மூன்று மணி நேரம் கல்லூரிப் பேருந்தில் கழிப்பதற்கும் இடையே எது பிள்ளைக்கு நல்லது என்பதை அவளையும் உட்கார வைத்துப் பேசி முடிவு செய்யுங்கள். தங்கள் பக்கத்திலேயே திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. மதுரை தியாகராசர், கோவில்பட்டி நேஷனல், சிவகாசி மெப்கோ போன்ற தன்னாட்சிக் கல்லூரிகளும் போய்ப் பார்த்துவரக்கூடிய தூரத்தில்தான் இருக்கின்றன. தங்கள் நோட்டில் இவை எங்கே நிற்கின்றன என்று எனக்குத் தெரியவில்லை; விசாரிப்பதை இவற்றிலிருந்து தொடங்கலாம் என்பது என் எண்ணம்.

பெயர்களில் கவனம் தேவை. அண்ணா பல்கலைக்கழகம் என்ற பெயரோடு வருவன எல்லாம் கிண்டி வளாகம் அல்ல. கிண்டி பொறியியல் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, கட்டடக்கலைப் பள்ளி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. ஆகிய நான்கும் பல்கலைக்கழகத்தின் துறைகள். திருநெல்வேலி, மதுரை, கோயம்புத்தூர் ஆகிய மூன்று ஊர்களில் மண்டல வளாகங்கள் இருக்கின்றன. வேறு பல ஊர்களில் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. திருநெல்வேலி மண்டல வளாகமும் திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியும் வேறு வேறு நிறுவனங்கள். இதேபோல், ஒரே அறக்கட்டளை ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு மூன்று கல்லூரிகள் நடத்துவதும், ஒரே கல்லூரியில் அரசு உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் தனித்தனி வரிகளாக வருவதும், இவ்விரண்டுக்கும் கட்டணம் வெகுவாக வேறுபடுவதும் உண்டு. எனவே நோட்டில் ஒவ்வொரு வரிக்கும் பெயரோடு கல்லூரிக் குறியீட்டு எண்ணையும் பாடப்பிரிவின் குறியீட்டையும் எழுதுங்கள். பெயரை நம்பித் தேர்வு செய்தவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். எண்ணைச் சரிபார்த்தவர்கள் ஏமாந்ததில்லை.

கல்லூரியை எப்படி அறிவது? விளம்பரத் தட்டியில் உள்ள சம்பளத் தொகையைக் கொண்டு அறிய முடியாது. ஒரே ஒரு மாணவருக்குக் கிடைத்த பெரிய தொகை அது. தங்கள் மகள் சேரப் போகும் துறையில் கடைசி ஆண்டில் எத்தனை பேர் படித்தார்கள், அவர்களுள் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, நடுவில் நிற்கும் மாணவருக்கு என்ன சம்பளம் என்று கேளுங்கள். ஒரே மாணவருக்கு மூன்று நிறுவனங்கள் வேலை கொடுத்தால் அதை மூன்றாக எண்ணிக் காட்டும் வழக்கமும் இருப்பதால், எத்தனை வேலைகள் என்று கேட்காமல் எத்தனை மாணவர்கள் என்று கேட்க வேண்டும். தன்னாட்சி பெறாத கல்லூரிகளுக்கு அண்ணா பல்கலைக்கழகமே தேர்வு நடத்தி, ஒவ்வொரு பருவத்திலும் கல்லூரிவாரியான தேர்ச்சி விழுக்காட்டை வெளியிடுகிறது. ஒரு பருவத்தை மட்டும் பார்க்காமல் தொடர்ந்து நான்கு பருவங்களைப் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே பாடத்திட்டம் வகுத்துத் தாங்களே தேர்வு நடத்துவதால் அவற்றின் தேர்ச்சி விழுக்காட்டை மற்றவற்றோடு ஒப்பிட முடியாது. அங்கே, அந்தக் குறிப்பிட்ட பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. எனப்படும் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். நாக் (தேசிய மதிப்பீடு மற்றும் தர அங்கீகாரக் குழு) தரும் மதிப்பீடு கல்லூரி முழுமைக்கும் உரியது, என்.பி.ஏ. ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியே உரியது. கல்லூரிக்கு உயர்ந்த கிரேடு இருந்தும் தங்கள் மகள் சேரும் துறைக்கு அங்கீகாரம் இல்லாமல் இருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஆசிரியர்கள். 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம், ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் பணிபுரிவதாகக் கணக்கில் காட்டப்பட்டிருப்பதை வெளிக்கொண்டுவந்தது. செய்தி வந்தபோது என்னோடு பணிபுரிந்தவர்கள் எவரும் வியக்கவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. காகிதத்தில் உள்ள ஆசிரியர் பட்டியலை நம்ப முடியாத நிலையில், நேரில் போவதைத் தவிர வேறு வழியில்லை. வேலை நாளில், முன்னறிவிப்பு இல்லாமல் போங்கள். முதல்வர் அறையில் காட்டும் காணொளியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். வளாகத்துக்கு வெளியே உள்ள தேநீர்க் கடையில் நின்று, இரண்டாம் ஆண்டு அல்லது மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: சென்ற பருவத்தில் உங்களுக்குப் பாடம் எடுத்த ஆசிரியர்களுள் எத்தனை பேர் இப்போதும் இருக்கிறார்கள்? ஆய்வகத்தில் ஒரு கருவியைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறீர்கள்? கல்விக் கட்டணம் தவிர ஆண்டில் வேறு என்னென்ன பெயரில் பணம் கட்டினீர்கள்? இந்த மூன்றுக்கும் கிடைக்கும் பதில், எந்தத் தரப் பட்டியலையும்விடத் தெளிவாக ஒரு கல்லூரியைக் காட்டிவிடும். தங்கள் மகளையும் அழைத்துப் போங்கள். மாணவிகள் அவளிடம் பேசுவதுபோல் தங்களிடம் பேச மாட்டார்கள்.

இப்படி விசாரிக்க விசாரிக்க 61 கல்லூரிகள் தாமாகவே 25-க்கு இறங்கிவிடும். விசாரிக்க முடியாமல் போனவற்றை, யார் பரிந்துரைத்திருந்தாலும், விட்டுவிடலாம்.

அடுத்து, ஆழத்தைப் பற்றிய கணக்கு. தங்கள் மகளின் கட்-ஆஃப், கணிதம் 92, இயற்பியலில் பாதி 44, வேதியியலில் பாதி 42.5 ஆக மொத்தம் 200-க்கு 178.5. சென்ற ஆண்டு 178-க்கு எந்தக் கல்லூரி கிடைத்தது என்று பார்த்துப் பட்டியல் போடுபவர்கள் பலர். அந்த முறை நம்பத்தக்கது அல்ல. மதிப்பெண்ணின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. 200-க்கு 200 எடுத்தவர்கள் 2024-இல் 65 பேர். 2025-இல் 144 பேர். கொரோனாவால் பொதுத்தேர்வே நடக்காத 2021-இல் பத்தாம் வகுப்பிலிருந்து 50 விழுக்காடு, பதினொன்றாம் வகுப்பிலிருந்து 20 விழுக்காடு, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை மற்றும் அக மதிப்பீட்டிலிருந்து 30 விழுக்காடு என்று மதிப்பெண் கணக்கிடப்பட்டது. அந்த ஆண்டின் கட்-ஆஃபை எடுத்து வைத்துக்கொண்டு இன்றைக்கு ஒப்பிடுவதில் பொருளே இல்லை. மதிப்பெண்ணை விட்டுவிட்டுத் தரவரிசை எண்ணை ஒப்பிடுங்கள். ஒரு கல்லூரியில் ஒரு பாடப்பிரிவில் பி.சி. பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரின் தரவரிசை என்ன என்பதைக் கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். தங்கள் மகளின் தரவரிசை வெளியானதும் அதோடு ஒப்பிட முடியும்.

கணக்குக்காக அவளுடைய தரவரிசை 40,000 என்று வைத்துக்கொள்வோம். சென்ற ஆண்டு ஓரிடத்தில் கடைசியாகச் சேர்ந்தவரின் தரவரிசை 32,000-க்குள் இருந்தால் அது எட்டாத இடம் என்று கொள்ளலாம். 32,000-க்கும் 48,000-க்கும் நடுவில் இருந்தால் இரு பக்கமும் சாயலாம். 48,000-ஐத் தாண்டினால் ஏறக்குறைய உறுதி. இந்த 20 விழுக்காட்டு இடைவெளி நான் என் அனுபவத்தில் வைத்துக்கொண்டது, விதி அல்ல. கம்ப்யூட்டர் சார்ந்த பாடப்பிரிவுகளுக்கு இன்னும் அதிக இடைவெளி விட வேண்டியிருக்கிறது. ஒரு பாடப்பிரிவில் எத்தனை இடங்கள் வரை இருக்கலாம் என்ற உச்சவரம்பை, தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அரசு அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ., 2024-25 கல்வியாண்டு முதல் நீக்கிவிட்டதால், பெயர்பெற்ற கல்லூரிகள் அந்தப் பிரிவுகளில் இடங்களைக் கூட்டிக்கொள்ள வழி பிறந்தது. இடம் கூடினால், தரவரிசையில் இன்னும் பின்னால் இருப்பவர்களுக்கும் அது கிடைக்கும். எனவே பட்டியலில் உள்ள ஒவ்வொரு கல்லூரியிலும் இந்த ஆண்டு எத்தனை இடங்கள் என்பதையும் சென்ற ஆண்டு எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தங்கள் பட்டியலில் எட்டாத வரிகள் பத்துப் பன்னிரண்டு இருக்கட்டும். அதற்கு மேல் எழுதுவது தவறில்லை, பயனும் இல்லை. நடுத்தர வரிகள்தான் மிகுதியாக, முப்பது வரை இருக்க வேண்டும். இடம் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும், விசாரிப்பில் செலவிடும் உழைப்பும் அங்கேதான் போக வேண்டும். உறுதியான வரிகள் குறைந்தது பத்து இருக்க வேண்டும். என்னிடம் ஆலோசனை கேட்டு வந்த மாணவர் ஒருவர், நல்ல தரவரிசை இருந்தும், ஒன்பது வரிகள் மட்டும் எழுதியிருந்தார். ஒன்பதும் ஒரே நகரத்தில், ஒரே பாடப்பிரிவில். அந்தச் சுற்றில் அவருக்கு எதுவுமே ஒதுக்கப்படவில்லை. அடுத்த சுற்றில் மிச்சமிருந்தவற்றிலிருந்துதான் எடுக்க வேண்டியதாயிற்று. மேற்பகுதியில் துணிந்து எழுதலாம் என்று நான் சொல்வது, கீழ்ப்பகுதி உறுதியாக இருந்தால் மட்டுமே பொருந்தும்.

உறுதியான வரிகளை எழுதும்போது ஒவ்வொன்றையும் காட்டி, இது ஒன்றுதான் கிடைத்தது என்றால் முழுமனதோடு போவாயா என்று மகளிடம் கேளுங்கள். போக மாட்டேன் என்றால் அந்த வரியை எடுத்துவிட்டு, போகக்கூடிய வேறொன்றைத் தேடிப் போடுங்கள். கிடைத்த இடத்தை மறுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பதற்கு வழி உண்டு என்றாலும், அடுத்த சுற்றில் இருப்பவை முந்தைய சுற்றில் பிறர் எடுத்ததுபோக மீந்தவைதான்.

அடுத்தது பாடப்பிரிவு. கடிதத்தில் ஒரே வரியில் எழுதியிருந்தாலும், தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்தும் கருவியைப் பற்றி எழுதும்போது தங்களுக்கு இருந்த பெருமை எனக்குப் புரிந்தது. தானாக ஒன்றைச் செய்து பார்த்த பிள்ளையின் விருப்பத்தை, எல்லோரும் சொல்கிறார்கள் என்பதற்காக ஒதுக்கக் கூடாது. மென்பொருள் நிறுவனங்கள் வளாகத் தேர்வில் பெரும்பாலும் எல்லாத் துறை மாணவர்களையும் எடுத்துக்கொள்கின்றன, இ.சி.இ. (எலெக்ட்ரானிக்ஸ் மற்றும் தகவல் தொடர்பு) படித்தவர் மென்பொருள் பக்கம் போக வழி இருப்பதைப்போல, கம்ப்யூட்டர் படித்தவர் மின்னணுச் சுற்றுகளின் வடிவமைப்புப் பக்கம் எளிதாகத் திரும்ப முடியாது. நல்ல ஆய்வகமும் நிலையான ஆசிரியர்களும் உள்ள கல்லூரியில் இ.சி.இ., பெயர் மட்டும் புதிதாக வைத்துச் சென்ற ஆண்டு தொடங்கிய கம்ப்யூட்டர் பிரிவு ஒன்றைவிடப் பலமடங்கு மேலானது என்பது என் உறுதியான கருத்து. அதே நேரத்தில், இ.சி.இ. தருகிறார்கள் என்பதற்காகவே எந்தக் கல்லூரியையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். ஒரு நல்ல கல்லூரியின் இ.இ.இ. (மின்சாரம் மற்றும் எலெக்ட்ரானிக்ஸ்) அல்லது ஐ.டி. (தகவல் தொழில்நுட்பம்), மோசமான கல்லூரியின் இ.சி.இ.யைவிட அவளுக்குப் பயன்படும்.

இதனால்தான் முதலில் எல்லா இ.சி.இ. வரிகளையும் எழுதிவிட்டுப் பிறகு கம்ப்யூட்டர் வரிகளை எழுதும் முறையும், ஒரு கல்லூரியின் எல்லாப் பாடப்பிரிவுகளையும் எழுதிவிட்டு அடுத்த கல்லூரிக்குப் போகும் முறையும் எனக்கு உடன்பாடில்லை. வரிகள் கலந்துதான் வர வேண்டும். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு வரியையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள். இரண்டு சீட்டுகளை மகளின் முன் வைத்து, நாளைக் காலையில் இரண்டும் கிடைக்கின்றன, எதில் சேருவாய் என்று மட்டும் கேளுங்கள். அவள் சொன்னது மேலே. மூன்றாவது சீட்டை எடுத்து அவ்விரண்டோடும் ஒப்பிட்டு அதற்குரிய இடத்தில் செருகுங்கள். இப்படியே ஐம்பது சீட்டுகளையும் முடிக்க இரண்டு மாலைப் பொழுதுகள் போதும். கிடைக்குமா என்ற பேச்சை அந்த இரண்டு மாலைகளிலும் எவரும் எடுக்கக் கூடாது. இரண்டில் எது என்று அவளால் சொல்ல முடியாமல் போனால், அந்த இரண்டு கல்லூரிகளையும் பற்றி இன்னும் விசாரிக்க வேண்டியிருக்கிறது என்று பொருள்.

வரிசை நடுவிலும் துல்லியமாக இருக்க வேண்டியதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும், அதை ஏற்றுச் சேர்ந்துவிடலாம். அல்லது ஏற்றுக்கொண்டு, கட்டணத்தையும் கட்டிவிட்டு, மேலே உள்ள வரிகளில் இடம் காலியானால் தரும்படி காத்திருக்கலாம். இதைத்தான் அப்வேர்ட் என்கிறார்கள். அவளுக்கு 14-வது வரி கிடைத்து, அவள் அப்வேர்ட் கேட்டு, பிறகு 6-வது வரியில் இடம் காலியானால், 6-வது அவளுக்கு வந்துவிடும்; 14-வது அந்தக் கணமே போய்விடும். எனக்கு 14-வதே போதும் என்று அதன்பின் சொல்ல முடியாது. பாதி மனதோடு 6-வதாக எழுதிய ஒரு வரி, முழு மனதோடு எழுதிய 14-வதைப் பறித்துக்கொள்ளும். அப்வேர்ட் கொடுக்கும் முன், கிடைத்த வரிக்கு மேலே உள்ள ஒவ்வொரு வரியையும் மறுபடி படித்துப் பாருங்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக எழுதுகிறேன். 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டுமே உரியது. அரசு உதவி பெறும் பள்ளியில் படித்த தங்கள் மகளுக்கு அது பொருந்தாது. யாராவது அதை நம்பிப் பட்டியல் போடச் சொல்லியிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை அவளுக்கு உண்டு. சான்றிதழை இப்போதே வாங்கி வைத்திருங்கள். மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2024-25 முதல் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் விரிவாக்கப்பட்டிருப்பதால் அதுவும் கிடைக்கும்.

சென்னைக் கல்லூரிக்கு முன்பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். சிறுபான்மையல்லாத சுயநிதிக் கல்லூரிகள் தங்கள் இடங்களில் 65 விழுக்காட்டையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 விழுக்காட்டையும் கலந்தாய்வுக்குத் தருகின்றன. அவர் சொல்லும் அதே கல்லூரி கலந்தாய்வுப் பட்டியலிலேயே இருக்கக்கூடும். அதன் கடைசித் தரவரிசையைப் பார்த்தீர்களானால், பலமடங்கு பணம் கொடுத்து வாங்கச் சொல்லும் இடம் தங்கள் மகளுக்கு அரசு நிர்ணயித்த கட்டணத்திலேயே கிடைக்கக்கூடியதா என்பது தெரிந்துவிடும். அசல் சான்றிதழ்களை எவரிடமும் ஒப்படைக்க வேண்டாம். மாணவரின் அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி. அதைவிட முக்கியமாக, கலந்தாய்வுக் கணக்கின் கடவுச்சொல்லையும் ஓ.டி.பி.யையும் யாருக்கும் சொல்லக் கூடாது. உதவி செய்வதாகச் சொல்லி அவற்றை வாங்கி, தங்கள் கல்லூரியை முதல் வரியாகப் பதிந்து லாக் செய்துவிடுபவர்கள், அதாவது பட்டியலை இறுதியாக்கிப் பூட்டிவிடுபவர்கள், இருக்கிறார்கள். உதவி தேவைப்பட்டால் தங்கள் பகுதியில் உள்ள அரசின் பொறியியல் சேர்க்கைச் சேவை மையத்துக்குப் போகலாம்; அங்கே கட்டணம் இல்லை.

விருப்பப் பதிவுக்கு அண்மை ஆண்டுகளில் மூன்று நாட்கள்தான் தந்திருக்கிறார்கள். முதல் நாளே முழுப் பட்டியலையும் ஏற்றிவிடுங்கள். இரண்டாம் நாள் அச்செடுத்து, ஒருவர் நோட்டிலிருந்து குறியீட்டு எண்களை வாசிக்க, இன்னொருவர் அச்சுத் தாளில் சரிபாருங்கள். மூன்றாம் நாள் மாலை வரை காத்திருக்காமல், மகளே தன் கையால் லாக் செய்யட்டும். லாக் செய்த பிறகு மாற்ற முடியாது. தற்காலிக ஒதுக்கீடு வந்தபின் உறுதி செய்ய இரண்டு நாட்களே இருக்கும். அந்த இரண்டு நாட்களிலும் கடைக்குச் சரக்கு எடுக்க வெளியூர் போகும் வேலையைத் தள்ளி வைத்துவிட்டு வீட்டில் இருங்கள். தரவரிசைப் பட்டியல் வந்ததும் அவளுடைய பொதுத் தரவரிசையையும் பி.சி. தரவரிசையையும், தாங்கள் குறைத்து வைத்திருக்கும் பட்டியலையும் எனக்கு அனுப்புங்கள். நடுத்தர வரிகளை மட்டும் நானும் ஒருமுறை பார்த்துத் தருகிறேன்.